நாயனத்தைக் கனியவைத்த காருகுறிச்சியார்

முன்னுரை

தண்பொருநை பாயும் நெல்லைச் சீமை இசைக்குத் தாய்வீடு. நெல்லையப்பர் கோயிலின் கல்தூண்களைத் தட்டினால் சுரம் பிறக்கும். கருநாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் 1835இல் கண்மூடியது இச்சீமையைச் சேர்ந்த எட்டயபுரத்தில்தான். கல்லும் பாடும் இந்த மண்ணில், ஊர் முழுவதும் கேட்கும்படி முழங்குவதற்கென்றே பிறந்த ஒரு கருவியைத் தாலாட்டுப்போல் கனியவைத்த கலைஞர் ஒருவர் வாழ்ந்தார். அவரே நாதசுர மேதை காருகுறிச்சி அருணாசலம். அவருடைய வாழ்வை என் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் இக்கட்டுரையில் கூற விழைகிறேன்.

நான் இளநிலை இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவன். மேனாட்டு மின்னிசைக் குழுக்களின் பாடல்கள் மீது எனக்குத் தீராத காதல். அவற்றிலும் ஆர்ப்பாட்டமின்றி மெல்ல இசைக்கும் குழுக்களையே நான் பெரிதும் நாடுவேன். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க், இங்கிலாந்தின் மாசிவ் அட்டாக், ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ், பெயரில் கனடாவை வைத்துக்கொண்டு ஸ்காட்லாந்திலிருந்து இசைக்கும் போர்ட்ஸ் ஆஃப் கனடா ஆகியவை என் கைப்பேசியில் எப்போதும் இருப்பவை. 1978இல் பிரையன் ஈனோ என்னும் ஆங்கிலேயர், விமான நிலையங்களில் காத்திருப்போருக்கென்றே ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். அதில் அவசரம் இல்லை. ஒரு சுரம் எழுந்து, நின்று, தேய்ந்து மறைந்த பிறகே அடுத்த சுரம் வரும். அந்தப் பொறுமைதான் என்னைக் கட்டிப்போட்டது.

இத்தகைய இசையை விரும்பும் நான் நாயனக் கலைஞர் ஒருவரைப் பற்றி எழுதுவதைக் கண்டு விடுதி நண்பர்கள் வியக்கிறார்கள். ஒன்று இரைச்சலின்றி ஒலிப்பது, மற்றொன்று காதைப் பிளப்பது. இரண்டுக்கும் என்ன உறவு என்பது அவர்கள் கேள்வி. உறவு உண்டு என்பதே என் விடை. காருகுறிச்சியாரின் வாழ்க்கையே அதற்குச் சான்று.

நாயனத்தின் இயல்பு

முதற்கண் கருவியைப் பற்றிச் சில சொற்கள். நாதசுரம் என்று நூல்களிலும், நாயனம் என்று நம் ஊர்ப் பேச்சிலும் வழங்கும் இக்கருவி ஆச்சா மரத்தில் கடைந்து எடுக்கப்படுவது. வாயில் வைத்து ஊதும் சீவாளி, காவிரிக் கரையில் விளையும் கொறுக்கந்தட்டையிலிருந்து செய்யப்படுவது. விரல் வைத்து வாசிக்க ஏழு துளைகள் உண்டு. குழலின் உட்புறம் மேலே குறுகி, கீழே வர வர விரிந்து செல்லும். இரட்டை நாக்குள்ள சீவாளியின் அதிர்வு இத்தகைய கூம்புக் குழலுக்குள் புகும்போது, அடிப்படைச் சுரத்தோடு அதன் மேற்சுரங்களும் வலிமையாக எழுகின்றன என்பது இயற்பியல். அதனால்தான் நாயனத்தின் ஓசைக்கு அத்தனை கூர்மை. தேரோட்டத்திலும் சுவாமி புறப்பாட்டிலும் ஆயிரம் பேர் ஆரவாரத்தை மீறிக் கேட்க வேண்டிய கருவிக்கு அந்தக் கூர்மை இன்றியமையாதது.

பழங்காலத்தில் பெருவழக்காக இருந்தது திமிரி என்னும் குட்டை நாயனம். அதன் சுருதி உயர்ந்தது. ஓசை ஊசிபோல் குத்துவது. இருபதாம் நூற்றாண்டில் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைத்திறனைத் துணைகொண்டு, நீளம் கூடிய பாரி நாயனத்தை நிலைநாட்டினார். குழல் நீண்டது, சுருதி தாழ்ந்தது, ஓசை கனத்துக் குழைந்தது. நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ராஜரத்தினம் வகுத்த இந்தப் பாதையில் நடந்து, அதை மேலும் மென்மையாக்கியவரே நம் காருகுறிச்சியார்.

பிறப்பும் பயிற்சியும்

சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையே, தென்காசிக்குச் செல்லும் இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் காருகுறிச்சி. தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய் அப்பகுதி வயல்களை வளமாக்குகிறது. மண்பாண்டத் தொழிலுக்கும் பெயர்பெற்ற ஊர் அது. மண்ணைக் குழைத்துப் பானையாக்கும் அவ்வூரில், காற்றைக் குழைத்து இராகமாக்கப் போகும் அருணாசலம் 1921இல் பிறந்தார்.

நாயனம் கற்பது எளிதன்று. சீவாளியில் ஓசை வரவே மாதக்கணக்கில் பழக வேண்டும். வயிற்றிலிருந்து மூச்செடுத்து, உதட்டால் சீவாளியை அழுத்தியும் தளர்த்தியும், துளையை முழுதாகவும் அரையாகவும் மூடித் திறந்தும் சுரத்தை வளைக்க வேண்டும். கருவியில் வாசிக்கப் போவதை முன்னதாக வாயால் பாடிப் பழகுவது மரபு. அருணாசலமும் வாய்ப்பாட்டுப் பயிற்சி பெற்றவரே. பின்னாளில் அவருடைய நாயனம் பாட்டின் சொற்களையே உச்சரிப்பதுபோல் ஒலித்ததற்கு இப்பயிற்சி அடித்தளமாயிற்று என்று கூறின் மிகையாகாது.

குருவும் சீடரும்

இளமையிலேயே அருணாசலத்துக்கு வாய்த்த பெரும்பேறு ராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராகச் சேர்ந்தது. 1898இல் பிறந்த ராஜரத்தினம் நாதசுர உலகின் முடிசூடா மன்னர். தோடி இராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசிக்க வல்லவர். 1947இல் நாடு விடுதலை பெற்றபோது தலைநகரில் மங்கல இசை முழங்கியவர். நாதசுரக் கலைஞரும் மற்ற வித்துவான்களைப்போல் மேடையில் சமமாக அமர்ந்து வாசிக்க வேண்டும் என்று தன்மானத்தோடு நின்றவர்.

அத்தகைய பெருமகனாரின் அருகில் இரண்டாவது நாயனம் வாசிக்கும் பொறுப்பு அருணாசலத்துக்குக் கிடைத்தது. இரண்டாவது நாயனம் என்றால் என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். முதல்வர் மூச்செடுக்கும் இடைவெளியில் இராகத்தின் இழை அறுந்துவிடாமல் இவர் தாங்க வேண்டும். அவர் எழும்போது இவர் அடங்க வேண்டும். அவர் விட்ட இடத்தில் இவர் தொட வேண்டும். அவரை முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. கேட்பதே இவருடைய முதல் வேலை; வாசிப்பது அடுத்ததுதான்.

இந்த இடத்தை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். காருகுறிச்சியாரின் மென்மை பலவீனத்தால் வந்ததன்று. மாபெரும் ஓசை ஒன்றின் பக்கத்தில் பல ஆண்டுகள் அமர்ந்து, எங்கே ஒலிக்க வேண்டும், எங்கே ஒலிக்கக் கூடாது என்று கற்றதால் வந்த அடக்கம் அது. குருவின் வீச்சும் வேகமும் அவருக்குத் தெரியும். வேண்டிய இடத்தில் அவற்றை எடுத்துக் காட்டவும் தெரியும். ஆயினும் அவருடைய பதிவுகளைக் கேட்கும்போது நம் நெஞ்சில் நிற்பது வேகமன்று. ஒரு சுரத்தில் வந்து நின்று, அதை உருக்கி, கேட்பவர் மனம் நிறைந்த பிறகே அடுத்ததற்கு நகரும் நிதானம். பிரையன் ஈனோவிடம் நான் கண்ட பொறுமை, அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே நம் ஆற்றங்கரைக் கலைஞரிடம் இருந்தது.

1956ஆம் ஆண்டு டிசம்பரில் ராஜரத்தினம் மறைந்தார். குருவின் நிழலில் வளர்ந்த அருணாசலம், அந்நாளின் முன்னணி நாதசுரக் கலைஞர்களுள் ஒருவராக நின்றார். ஊர்ப் பெயரே அவர் பெயராயிற்று. காருகுறிச்சி வாசிக்கிறார் என்றால் போதும். அருணாசலம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

மின்சாரம் தந்த மென்மை

இனி இயற்பியல் மாணவன் என்ற முறையில் என் கருத்து ஒன்றை முன்வைக்கிறேன். மின்சாரம் வந்ததால் இசை இரைச்சலாயிற்று என்று பெரியவர்கள் குறைப்படுவார்கள். திருவிழாக்களில் குழாய் ஒலிபெருக்கியின் கீழ் நின்று பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஆயினும் அது பாதி உண்மைதான். ஒலிவாங்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமானால் கலைஞர் முழு மூச்சோடு ஊத வேண்டும், உரத்துப் பாட வேண்டும். ஒலிவாங்கி வந்த பிறகு, மெல்லச் சொன்னதும் தொலைவுக்குச் சென்றது. மேனாட்டில் 1930களில் பிங் கிராஸ்பி காதருகே பேசுவதுபோல் பாடிப் புகழ்பெற்றது ஒலிவாங்கியால்தான். இன்றைய மென்மையான மின்னிசைக் குழுக்கள் யாவும் அந்த வழியில் வந்தவையே.

நாயனத்துக்கும் இதே நிகழ்ந்தது. ஒலிபெருக்கியும் வானொலியும் இசைத்தட்டும் பரவிய காலமும், அருணாசலம் வளர்ந்து உயர்ந்த காலமும் ஒன்று. திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கியது. எண்ணிப் பார்க்க வியப்பாக இருக்கிறது. பொதிகையிலிருந்து இறங்கும் அதே தாமிரபரணித் தண்ணீர் பாபநாசத்தில் மின்சாரமாகிறது. கீழே வந்து கன்னடியன் கால்வாய் வழியே காருகுறிச்சி வயலில் நெல்லாகிறது. அந்த ஊரில் பிறந்தவர், அந்த மின்சாரக் காலத்தைப் பயன்படுத்திக்கொண்டு, ஊரையே எழுப்பும் கருவியை ஒரு மனிதரின் காதில் பேசவைத்தார். நம் பள்ளத்தாக்கின் முதல் மின்மெல்லிசைக் கலைஞர் அவர்தான் என்று நான் நண்பர்களிடம் வாதிடுவது இந்தக் காரணத்தால்தான்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. என் விருப்பத்துக்குரிய குழுக்களின் பாடல்களில், அடியில் ஒரே சுரம் இடைவிடாது ரீங்கரித்துக்கொண்டிருக்கும். மின்கருவியில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தால் அது கிடைத்துவிடும். நம் மேளத்தில் அந்த வேலையை ஒத்து என்னும் குழல் பன்னெடுங்காலமாகச் செய்து வந்தது. கன்னத்தில் காற்றை அடக்கி, மூச்சு அறாமல் ஒரே சுரத்தை ஊதும் ஒத்துக்காரரை யாரும் பாராட்டியதில்லை. ஆனால் அவரின்றி இராகத்துக்குத் தரை இல்லை.

கோவில்பட்டி வாழ்க்கை

காருகுறிச்சியில் பிறந்த அருணாசலம் பின்னர்க் கோவில்பட்டியில் குடியேறினார். இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் அந்நகர் 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததே. தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர்பெற்ற அக்கரிசல் பூமி, இசைக்கும் இலக்கியத்துக்கும் வளமான நிலமாக இருந்தது. பக்கத்திலுள்ள இடைசெவல், கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்னும் இரு பெரும் எழுத்தாளர்களை ஈன்ற ஊர். இருவரும் 1923இல் பிறந்தவர்கள். இருவரும் இசைப் பித்தர்கள். இராகங்களை மணிக்கணக்கில் பாட வல்ல விளாத்திகுளம் சுவாமிகள் (1889–1965) வாழ்ந்ததும் இந்த வட்டாரத்தில்தான். ராஜநாராயணன் சுவாமிகளிடம் இசை பயின்றவர்.

மழை பொய்த்தால் கம்பும் சோளமும் காயும் நிலத்தில், பகலெல்லாம் உழைத்த மக்கள் இரவு முழுவதும் அமர்ந்து இராகம் கேட்டார்கள் என்பது எண்ணுந்தோறும் நெஞ்சை நெகிழ வைக்கிறது. இசையறிவு ஏட்டிலிருந்து வந்ததன்று. கேட்டுக் கேட்டு வந்தது. கலைஞர் மெல்ல வாசிக்க வேண்டுமானால் கேட்பவர் அமைதியாக இருக்க வேண்டும். அந்த அமைதியைக் காருகுறிச்சியாருக்கு நெல்லைச் சீமை மனமுவந்து வழங்கியது.

கொஞ்சும் சலங்கை

1962இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை என்னும் திரைப்படம் அவர் புகழைத் தமிழகத்தின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் கொண்டு சென்றது. எம். வி. ராமன் இயக்கிய அப்படம் டெக்னிக்கலர் வண்ணத்தில் வந்தது. கதைத்தலைவன் நாதசுரக் கலைஞன். அந்த வேடத்தில் ஜெமினி கணேசன் நடித்தார். திரையில் அவர் கையில் நாயனம் இருந்தது. அதன் மூச்சு காருகுறிச்சியாருடையது. இசையமைத்த எஸ். எம். சுப்பையா நாயுடுவும் நெல்லைச் சீமையின் கடையநல்லூரில் பிறந்தவரே.

அப்படத்தில் ஆபேரி இராகத்தில் அமைந்த சிங்காரவேலனே தேவா என்னும் பாடலைக் கேளாத தமிழர் அரியர். கு. மா. பாலசுப்பிரமணியம் எழுத, எஸ். ஜானகி பாடியது அது. இப்பாடலில் நடந்திருப்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒரு பக்கம் மெல்லிய இளங்குரல். மறுபக்கம் தேர்வீதியை நிறைக்கும் நாயனம். ஒலிவாங்கி இல்லாத மேடையில் இவ்விரண்டையும் நிறுத்தினால் குரல் காணாமற்போகும். இப்பாடலிலோ குரல் ஒரு சொற்றொடரைப் பாட, நாயனம் அதைப் பணிவோடு வாங்கி, அதே நெளிவோடு, அதே இனிமையோடு திருப்பித் தருகிறது. எது குரல், எது குழல் என்று மயங்குமளவுக்கு இரண்டும் ஒன்றாகின்றன. வலியது தன் வலிமையை அடக்கிக்கொண்டு மெலியதோடு கைகோத்து நடக்கும் காட்சி அது. நல்ல காதணி ஒலிப்பான்களை மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, இப்பாடலை ஒருமுறை கேளுங்கள் என்று மாணவ நண்பர்களை அன்போடு வேண்டுகிறேன்.

தில்லானா மோகனாம்பாள் படத்துக்காக மதுரை சேதுராமன், பொன்னுச்சாமி சகோதரர்கள் வாசித்தது 1968இல். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே திரையரங்கின் கடைசி இருக்கையில் அமர்ந்திருந்த எளிய மனிதரையும் நாயனத்துக்கு இரசிகராக்கிவிட்டார் காருகுறிச்சியார்.

மறைவு

புகழின் உச்சியில் இருந்தவரைக் காலம் விட்டுவைக்கவில்லை. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் தொடங்கப்பட்டது. தம் சீமைக்கென்று ஒரு வானொலி வந்த சில மாதங்களில், 1964 ஏப்ரலில், அருணாசலம் இவ்வுலகை நீத்தார். அகவை நாற்பத்து மூன்றை ஒட்டி இருந்தது. நாதசுரக் கலைஞருக்கு மூச்சு முதிர்ந்து, கற்பனை கனிந்து வரும் பருவம் அது. குரு மறைந்த பின் அவர் தனித்து ஒளிர்ந்தது எட்டு ஆண்டுகளுக்கும் குறைவே. அந்தக் குறுகிய காலத்தில் விட்டுச்சென்ற இசைத்தட்டுகளும் வானொலிப் பதிவுகளும் இன்றும் நமக்குக் கேட்கக் கிடைக்கின்றன. கோவில்பட்டியில் அவருக்குச் சிலை உண்டு. 2021இல் அவருடைய நூற்றாண்டு நிறைவுற்றது.

நம் கடமை

எங்கள் வகுப்பில் நாயனக் குடும்பத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். தாத்தா காலத்திலிருந்து வீட்டில் மேளம். முகூர்த்த நாட்களில் விடியற்காலையில் திருமண மண்டபத்தில் வாசித்துவிட்டு வகுப்புக்கு வருவார். அவருடைய வருத்தத்தை நான் அறிவேன். வாசலில் செண்டை மேளம், உள்ளே திரைப்பாட்டு ஒலிபெருக்கி, நடுவில் இவர் நாயனம். இராகம் எடுக்க நேரமில்லை. எடுத்தாலும் கேட்க ஆளில்லை. தாலி கட்டும் நேரத்தில் விரலை ஆட்டிக் கெட்டிமேளம் கேட்பார்கள். அப்போது மட்டும் உரக்க ஊத வேண்டும். படிப்பு முடிந்ததும் வேறு வேலைக்குப் போய்விடலாமா என்று அவர் எண்ணுகிறார். அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

ஒரு கலை அழிவது கலைஞர் குறைவதால் மட்டுமன்று. அக்கலையிடம் நாம் எதைக் கேட்கிறோமோ அதுவே அதில் எஞ்சுகிறது. நாயனத்திடம் நாம் ஓசையை மட்டும் கேட்டால் ஓசை மட்டுமே மிஞ்சும். காருகுறிச்சியார் அந்தக் கருவிக்குள் கண்டெடுத்த மென்மை, கேட்பாரின்றி மீண்டும் மரத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். நம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாதசுரமும் தவிலும் கற்றுத் தருகிறார்கள். கற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அமைதியாகக் கேட்கும் செவிகள்.

மாணவ நண்பர்களே! மேனாட்டு மின்னிசையைக் கைவிடச் சொல்ல நான் வரவில்லை. நானே கைவிடப் போவதில்லை. நல்ல இசைக்குத் திசையில்லை. மெல்லிசைக் குழுக்கள் நம் செவிக்குப் பொறுமையைக் கற்றுத் தந்திருக்கின்றன. அந்தப் பொறுமையோடு நம் ஊர் நாயனத்தையும் கேட்போம். கல்லூரி விழாவில் அரை மணி நேரம் ஒதுக்கி, மற்ற ஒலிகளையெல்லாம் நிறுத்திவிட்டு, வகுப்பு நண்பரைப் போன்ற இளங்கலைஞரை மேடையில் அமரவைத்து, ஒரே ஓர் இராகத்தை வாசிக்கச் சொல்வோம். காருகுறிச்சியாருக்கு நாம் செலுத்தக்கூடிய உண்மையான அஞ்சலி அதுவே.

வாழ்க காருகுறிச்சியார் புகழ்! வளர்க நாதசுரக் கலை!